டில்லிக் குளிரில் கறிவேப்பிலை பிழைக்குமா?

மார்கழி பாதி கழிந்ததும் டில்லித் தமிழர் வீடுகளில் ஒரு கவலை தலைதூக்கும். பால்கனித் தொட்டியில் ஆசையோடு வளர்த்த கறிவேப்பிலை மஞ்சளாகி இலை உதிர்க்கும். துளசி கருகும். மல்லிகைக் கொடி குச்சி குச்சியாக நிற்கும். "செத்துப்போச்சு" என்று வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, மாசி மாதம் புதுச் செடிக்காக நர்சரி நர்சரியாக அலைகிறவர்கள் பலர். அப்படிப் பிடுங்கி எறியப்படும் செடிகளில் உயிரோடு இருந்தவையும் உண்டு என்பதுதான் பரிதாபம்.

டில்லிக் குளிர் நம் ஊர்க் குளிர் அல்ல. 1967 ஜனவரி 11-ம் தேதி பாலம் பகுதியில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே 2.2 டிகிரிக்குச் சென்றது. சப்தர்ஜங்கில் 2006 ஜனவரி 8-ம் தேதி 0.2 டிகிரியும், 2021 புத்தாண்டு தினத்தன்று 1.1 டிகிரியும் பதிவாயின. சமவெளியில் வெப்பநிலை 4 டிகிரிக்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் வானிலை இலாகா அதைக் குளிர் அலை என்கிறது; 2 டிகிரி அல்லது அதற்கும் கீழே என்றால் கடும் குளிர் அலை.

இலையின் மேல் உறைபனி

வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே இலையில் உறைபனி படிந்துவிடக்கூடும். காரணம், அந்தக் கருவி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் இலையும் தம் சூட்டை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே திறந்த மொட்டை மாடியில் உள்ள செடிக்குத்தான் ஆபத்து அதிகம். மேலே ஒரு கூரையோ துணியோ இருந்தாலே பாதி பாதுகாப்பு கிடைத்துவிடும்.

கறிவேப்பிலை குளிரில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கும். இலை கொட்டிய தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே, வெயில் ஏறிய நேரத்தில், கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். உறங்கும் செடிக்குத் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுகவிடுவது குளிரைவிடப் பெரிய எதிரி. உரமும் வேண்டாம். பிப்ரவரிக் கடைசியில் துளிர் வரும்.

துளசி இன்னும் மென்மையானது. தொட்டியில் நாலு குச்சி நட்டு, பழைய வேட்டித் துணியை இலையில் படாதபடி மாலையில் போர்த்தி, காலையில் எடுத்துவிட வேண்டும். காய்ந்த கதிர்களிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொண்டால், செடி போனாலும் பங்குனியில் மறுபடி முளைக்க வைக்கலாம். மல்லிகை இலை உதிர்ப்பது இயல்பு. ஜனவரியில் கவாத்துச் செய்தால் கோடையில் நன்றாகப் பூக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: குளிர் உச்சத்தில் இருப்பதும் அதே நாட்களில்தான். தொட்டிகளைத் தெற்குப் பார்த்த சுவரோரம் நெருக்கி வைத்து, சுற்றிலும் சாக்கைக் கட்டி, அளவாகத் தண்ணீர் விட்டுச் செல்லுங்கள். பத்து நாள் தண்ணீரை ஒரே நாளில் விட வேண்டாம்.

விவசாயிகள் செய்வது என்ன?

பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் உறைபனி வரும் என்று தெரிந்தால் மாலையிலேயே வயலுக்கு லேசாகத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். கோதுமைக்குக் குளிர் நல்லது. உருளைக்கிழங்கும், கடுகும், பப்பாளியும்தான் அடிபடும். மாங்கன்றுக்கு மூன்று பக்கமும் வைக்கோல் தட்டி கட்டி, காலை வெயில் விழத் தென்கிழக்கை மட்டும் திறந்து விடுவது வழக்கம். உறைபனி நம் நீலகிரித் தேயிலைக்காரர்களுக்கும் புதியதல்ல. குப்பையை எரித்துப் புகை போடும் பழைய முறையை மட்டும் டில்லியில் பின்பற்றக் கூடாது. இங்கே அது தடை செய்யப்பட்டது. காற்றும் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது.

வாயில்லா ஜீவன்கள்

மாட்டுக்குச் சாக்குப் போர்வை போடுவதை வட நாட்டுக் கிராமங்களில் எங்கும் காணலாம். போர்வையைவிட முக்கியம் உலர்ந்த படுக்கை. ஈரத் தரையில் படுத்த கன்றுக்கு நிமோனியா எளிதில் வரும். இரவில் வைக்கோல் நிறையக் கொடுத்தால், அது வயிற்றில் செரிக்கும்போது உண்டாகும் சூடே மாட்டைக் காக்கும். பனி ஈரத்தோடு பர்சீம் தீவனத்தை மட்டும் போட்டால் வயிறு உப்பிவிடும். உலர்தீவனம் கலந்தே போட வேண்டும். கொட்டகையில் வாடை வீசும் பக்கத்தை அடைக்கலாம். மேலே காற்று போக வழி அவசியம்.

2017 ஜனவரியில் மதுரா அருகே, மீட்கப்பட்ட யானைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் கம்பளி ஆடை பின்னிப் போட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கே குளிர் தாங்கவில்லை என்றால் தெரு நாய்க்குட்டி என்ன செய்யும்? மாடிப்படிக்குக் கீழே ஓர் உலர்ந்த சாக்கு போட்டால் போதும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரச் சாக்கு குளிரைக் கூட்டும். பூனைகள் கார் என்ஜின் சூட்டில் போய்ப் படுக்கும். காலையில் வண்டியைக் கிளப்புமுன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை. குஞ்சுக்கும், நாய்க்கும், குழந்தைக்கும் சூடு வேண்டும் என்று மூடிய அறையில் கரி அங்கீட்டியை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் இப்படிப் பலியாகின்றன. அங்கீட்டியை வெளியே வைத்துக் குளிர்காயுங்கள். படுக்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிட்டு, இன்னொரு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.