தரங்கம்பாடியில் விடுமுறை

ஓர் ஊரைக் கண்டு வருதல் வேறு. அவ்வூரில் சின்னாள் தங்கி வாழ்தல் வேறு. காலையில் வந்து மாலையில் திரும்புவோர் கட்டடங்களை மட்டுமே காண்பர். பெற்றோரும் மக்களும் ஒரு வீட்டில் தங்கி, அவ்வூர்க் கடைத்தெருவில் மீனும் காயும் வாங்கிச் சமைத்து உண்டால், அவ்வூரின் இயல்பு நன்கு விளங்கும். அவ்வாறு தங்குவதற்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று தரங்கம்பாடி.

இவ்வூர் மயிலாடுதுறை மாவட்டத்தில், பூம்புகாருக்குத் தெற்கிலும் காரைக்காலுக்கு வடக்கிலும் அமைந்துள்ளது. தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் சொல். கல்வெட்டில் இவ்வூரின் பழம்பெயர் சடங்கன்பாடி எனக் காணப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், மாசிலாமணிநாதர் கோயில் இங்கே கடலோரத்தில் எழுந்தது.

1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு நாட்டினருடன் உடன்படிக்கை செய்து, இங்கே வாணிகம் புரிய அவர்களுக்கு இசைவு அளித்தார். நாயக்கர் பொன்னேட்டில் பொறித்து அனுப்பிய மடல் இன்றும் டென்மார்க்கில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. அந்நாட்டினர் கட்டிய டேன்சுபோர்க்கு என்னும் கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. 1845ஆம் ஆண்டில் இவ்வூரை அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றனர்.

தமிழ் மாணவர் மறவாது போற்றத்தக்க செய்தி ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. 1706ஆம் ஆண்டில் செருமனியிலிருந்து வந்த சீகன்பால்கு என்னும் சமயத் தொண்டர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பின்னர் இங்கே அச்சுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. செருமனியில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர். கிறித்தவ மறையின் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் தமிழில் அச்சாகி நிறைவுற்றது. 1718ஆம் ஆண்டில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறை உள்ளது.

இங்குள்ள பழைய வீடுகள் சில செப்பனிடப்பெற்று, விருந்தினர் தங்கும் இல்லங்களாக விளங்குகின்றன. அவ்வீடுகளே நமக்குப் பாடம் புகட்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று வெம்மையுற்று எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப வரும். இதுவே கடற்காற்று. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் காற்று கடலை நோக்கி வீசும். அது நிலக்காற்று எனப்படும். பாய்மரக் கட்டுமரங்களின் காலத்தில் பரதவர் விடியுமுன் நிலக்காற்றில் கடலேகிப் பின் கடற்காற்றில் கரை திரும்புவர். பழைய வீட்டின் உயர்ந்த சாளரங்களும் திறந்த முற்றமும் இக்காற்றை உள்ளே உலவச் செய்கின்றன.

அவ்வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. கடலோரச் சுவரில் உப்பு ஈரம் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்பு செங்கல்லைப் பொடியாக்கும். உறுதி சேர்ப்பதாக எண்ணிச் செய்யும் வேலையே சில ஆண்டுகளில் வீட்டை அழித்துவிடும். ஆதலால், பழமையைக் காக்க விரும்புவோர்க்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

கடலும் இவ்வூரிடமிருந்து தன் பங்கை வாங்கிக்கொண்டே வருகிறது. சாய்வாக வந்து மோதும் அலைகள் கரைமணலை வாரி நெடுகக் கொண்டு செல்கின்றன. சென்ற மணலுக்கு ஈடாக வேறு மணல் வந்து சேராவிடில் கரை தேயும். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகள் இவ்வாறே கடலுக்கு இரையாயின. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரில் பலருடைய உயிரையும் உடைமையையும் கவர்ந்தது. கரையைக் காக்க அடுக்கப்பட்ட கற்பாறைகளை இன்றும் காணலாம்.

இத்தகைய ஊரில் தங்கும் குடும்பத்தார்க்குக் கடமைகள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல். மணலில் ஊறிய மழைநீர் நன்னீராய் மேலேயும், கனமிகுந்த உவர்நீர் அதன் கீழேயும் நிற்கும். நன்னீரை அளவின்றி இறைத்தால் உவர்நீர் மேலேறும். விருந்தினர் இரண்டு நாளில் ஊர் திரும்புவர். உவர்ப்பேறிய கிணறோ ஊராருக்கே எஞ்சும். அன்றியும், கோட்டைச் சுவரில் பெயர் கீறுதல் ஆகாது; கரையில் குப்பையை எறிதலும் தகாது; வலை உலர்த்தும் இடம் பரதவரின் தொழிலிடம் என உணர்ந்து ஒதுங்கி நடத்தல் வேண்டும்.

நானூறு ஆண்டுகளாக வெளிநாட்டார் பலர் இவ்வூருக்கு வந்து சென்றனர். வணிகத்தால் வந்தவர் கோட்டையை விட்டுச் சென்றனர். மொழியைக் கற்றவர் அச்சுநூலை விட்டுச் சென்றனர். விடுமுறைக்குச் செல்லும் நாம் பெரிதாக எதுவும் விட்டுவர வேண்டுவதில்லை. அங்குள்ள வீடும் கிணறும் கரையும், நாம் வந்து சென்றதனால் சிறிதும் குறைவுபடாதிருத்தலே போதும்.