எட்டாயிரம் ரூபாய் மாமா!

திண்டிவனத்தில் உத்தியோகம், விழுப்புரத்தில் வீடு. தினமும் பஸ்ஸில் போய் வருகிற ஜாதி நான். என் அக்கா மகன் படிப்பதும் திண்டிவனத்தில்தான். சில நாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அப்படித் திரும்பிய ஒரு நாள் 2024 பிப்ரவரி 16. அந்த ஒரு பஸ் பயணத்தில் நான் எட்டாயிரம் ரூபாயைத் தொலைத்தேன். அதுவும் என் பணமில்லை!

பஸ் ஸ்டாண்டில் பையன் செல்போனை மூக்கில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா, கிரிக்கெட்டா?"

"டேபிள் டென்னிஸ் மாமா. தென் கொரியா பூசான்ல உலக டீம் சாம்பியன்ஷிப். நம்ம லேடீஸ் டீமுக்கும் சைனாவுக்கும் மேட்ச். 2-1, நாம லீடிங்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேபிள் டென்னிஸில் சீனாவை எதிர்ப்பது என்பது, திருநெல்வேலிக்காரரிடமே அல்வா விற்கப் போவது மாதிரி. ஆனால் அன்றைக்கு அய்ஹிகா முகர்ஜி என்கிற வங்காளத்துப் பெண், உலக நம்பர் ஒன் சுன் யிங்ஷாவையே சாய்த்திருந்தார். அடுத்து மணிகா பத்ரா, வாங் மன்யூவிடம் தோற்றார். மூன்றாவதாக ஹைதராபாத் பெண் ஸ்ரீஜா அகுலா, வாங் யிடியை நேர் செட்டில் துவைத்து எடுத்துவிட்டார். மொத்தம் ஐந்து ஆட்டம். மூன்று ஜெயித்தால் மேட்ச் நமக்கு.

பஸ் கிளம்பியதும் பையன் காதோடு சொன்னான்: "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. பரீட்சை ஃபீஸ் ரெண்டாயிரத்தை இதுல போட்டிருக்கேன்."

விஷயம் இதுதான். செல்போனில் ஒரு 'ஆப்'. 'இந்தியா ஜெயிக்குமா?' என்று கேட்கும். 'ஆம்' ஒரு பக்கம், 'இல்லை' ஒரு பக்கம். இரண்டு விலையும் சேர்ந்தால் பத்து ரூபாய். மேட்ச் தொடங்கும் முன் 'ஆம்' ஒரு ரூபாய், 'இல்லை' ஒன்பது. நம் பிள்ளையாண்டான் ஒரு ரூபாய் வீதம் இரண்டாயிரம் 'ஆம்' வாங்கியிருக்கிறான். இந்தியா ஜெயித்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய். தோற்றால் சைபர். நடுவில் விலை ஏறினால் விற்றுவிட்டும் வெளியே வரலாம். ஷேர் மார்க்கெட் மாதிரி. ஆனால் ஷேருக்குப் பின்னால் ஒரு கம்பெனியாவது இருக்கும். இதன் பின்னால் இருப்பது, 'இல்லை' வாங்கிய இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பணம். நடுவில் கமிஷன் எடுக்கிற 'ஆப்'காரருக்கு மட்டும் எந்த மேட்ச்சிலும் தோல்வியே கிடையாது!

"இப்ப 'ஆம்' நாலு ரூபா மாமா. வித்தா எட்டாயிரம். வித்துடட்டுமா?"

இந்த இடத்தில்தான் அடியேன் திருவாய் மலர்ந்தேன். "அவசரப்படாதேடா! 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல நம்ம சரத் கமல், சத்தியன், அமல்ராஜ் இருந்த டீம் ஜப்பானையே தோற்கடிச்சு வெண்கலம் வாங்கலையா?"

அது ஆண்கள் டீம், இது பெண்கள் டீம். அது ஜப்பான், இது சீனா... இதெல்லாம் என் புத்திக்கு ஏறவில்லை. எட்டு இருபதாகும் என்கிற கணக்கு மட்டும் ஏறியிருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட். மணிகா, சுன் யிங்ஷாவிடம் தோற்றார். 2-2. 'ஆம்' ஒன்றரை ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

"இப்ப வித்தாலும் மூவாயிரம் மாமா. ஃபீஸ் போக ஆயிரம் மிச்சம்." பையன் குரல் நடுங்கியது.

"அடுத்து ஆடப் போறது யாரு? அய்ஹிகா. நம்பர் ஒன்னையே அடிச்ச பொண்ணுடா!"

முண்டியம்பாக்கம் தாண்டியது. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அய்ஹிகா, வாங் மன்யூவிடம் தோற்றிருந்தார். 2-3. பையன் போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். திட்டவில்லை. "பரவாயில்ல மாமா" என்றான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2003-லேயே லாட்டரியை ஒழித்த மாநிலம் நம்முடையது. அப்படியும் கள்ளத்தனமாக நடந்த மூன்று நம்பர் லாட்டரியில் 2019 டிசம்பரில் இதே விழுப்புரத்தில் ஒரு குடும்பமே அழிந்தது. அன்று ஊரே பேசியது. நானும் "பணம் போனா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று டீக்கடையில் தீர்ப்பு சொன்னவன். அக்காவிடம் சொல்லாதே என்று பிள்ளை கேட்டபோது தலையாட்டியவனும் நானேதான்.

மறுநாள் காலை அவனையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். உள்ளதைச் சொன்னேன். இரண்டாயிரத்தை நான் கட்டினேன். அக்கா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "படிச்சு உத்தியோகம் பார்க்கிற நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தியேடா" என்றாள் என்னிடம்.

'இது சூதாட்டமே இல்லை, திறமை' என்று அந்த 'ஆப்'கள் கொஞ்ச காலம் வாதாடிப் பார்த்தன. 2025 ஏப்ரலில் 'இதெல்லாம் எங்கள் கட்டுப்பாட்டில் வராது, முதலீட்டாளருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது' என்று செபி எச்சரித்தது. அதே ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்களுக்குத் தடைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. (அவர் ஏற்கெனவே கட்டியாயிற்றே!)

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'ஆம்-இல்லை' கணக்கில் 0-3 தோல்வியும் சைபர்தான், 2-3 தோல்வியும் சைபர்தான். ஆனால் அதே டீம் அந்த வருஷமே பாரீஸ் ஒலிம்பிக் டீம் போட்டிக்கு முதல் முறையாகத் தகுதி பெற்று, ருமேனியாவைத் தோற்கடித்துக் காலிறுதி வரை போனது. உலக நம்பர் ஒன்னை நம் பெண் சாய்த்த நாளில், நான் அதைக் கொண்டாடாமல் ஒன்றரை ரூபாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாரீஸ் ஆட்டத்தைப் பையனும் நானும் வீட்டில் டி.வி.யில் பார்த்தோம். பந்தயம் எதுவும் இல்லை. ஜெயித்ததும் அவன் எழுந்து குதித்தான். அக்கா அடுக்களையிலிருந்து ஓடி வந்து கேட்டாள்:

"எவ்வளவுடா போச்சு?"