தடுக்கப்பட்ட மொழியும் திணிக்கப்பட்ட மொழியும்

1876 ஜனவரியில், கேப் டவுனுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பார்ல் என்ற ஊரில் ‘டி ஆப்ரிகான்சே பேட்ரியாட்’ என்றொரு ஆப்ரிகான்ஸ் பத்திரிகை வெளிவந்தது. எழுத்துக்கு டச்சு, வீட்டுக்கு ஆப்ரிகான்ஸ் என்று பிரித்து வாழ்ந்த சமூகம் அது. வீட்டுப் பேச்சை அச்சேற்றுவதா என்று படித்தவர்கள் ஏளனம் செய்தார்கள். சமையற்கட்டு மொழி என்றார்கள். அதே ஆண்டு மே மாதம், ஜெர்மனியின் எம்ஸ் நகரில் தங்கியிருந்த ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். சில விலக்குகள் தவிர, உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடக் கூடாது, வெளிநாட்டிலிருந்து தருவிக்கக் கூடாது, நாடகமும் போடக் கூடாது.

ஒன்று பத்திரிகை கண்ட ஆண்டில் மற்றொன்று அச்சகத்திலிருந்து விரட்டப்பட்டது. இன்று இந்த இரண்டு மொழிகளும் எங்கெங்கே பேசப்படுகின்றன என்று தேடிப் போனால், அந்தக் கால அதிகாரத்தின் கைரேகை இன்னும் அழியாமல் கிடக்கிறது.

அச்சகத்தை மூடினால் மொழி எல்லை தாண்டும். உக்ரைனியம் தாண்டிப் போன இடம், அன்று ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்த லிவிவ். ரஷ்யப் பகுதி எழுத்தாளர்களின் நூல்களும் அங்கே அச்சாயின. 2001-இல் உக்ரைன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 67.5 சதவீதம் பேர் உக்ரைனியமே தங்கள் தாய்மொழி என்றார்கள். லிவிவ் மாகாணத்தில் அந்த விகிதம் 95. கிழக்கே தோனெத்ஸ்க் மாகாணத்தில் 24. கிரைமியாவில் வெறும் 10. கிழக்கில் நிலக்கரியும் இரும்பாலையும் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் தொழிலாளர்களை இழுத்து வந்தன. அவர்களுக்குப் பொதுமொழி ரஷ்யம். பிறகு 1932-33 பஞ்சம் வந்தது. ஸ்டாலின் அரசு தானியத்தைப் பறித்துக்கொண்டு போனபோது செத்தவர்களில் பெரும்பாலோர் உக்ரைனியம் பேசிய கிராமத்து விவசாயிகள். லிவிவ் அப்போது போலந்தின் கையில் இருந்ததால் அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பியது.

கீவ் நகரம் ஒரு விசித்திரம். அதே கணக்கெடுப்பில் 72 சதவீதம் பேர் உக்ரைனியம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் கடைத்தெருவில் காதில் விழுந்தது பெரும்பாலும் ரஷ்யம்தான். படிவத்தில் எழுதுவது விசுவாசம், வாயில் வருவது பழக்கம். 2022-இல் ரஷ்யா படையெடுத்த பிறகு அந்தப் பழக்கத்தைப் பலர் வேண்டுமென்றே மாற்றிக்கொண்டார்கள். உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியே ரஷ்யம் பேசும் கிரிவி ரிக் நகரத்துப் பிள்ளைதான்.

ஆப்ரிகான்ஸ் கதை வேறு மாதிரி. தென்னாப்பிரிக்க வரைபடத்தின் மேற்குப் பாதி முழுக்க அந்த மொழியின் வண்ணம்தான். பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் பெரும்பகுதி மழை காணாத கரூ பொட்டல். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருக்கும் வடக்கு கேப் மாகாணத்தில் 2011-இல் வாழ்ந்தவர்கள் பன்னிரண்டு லட்சம்கூட இல்லை. மொழி நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம் கேப் டவுனின் புறநகர்ச் சமவெளி. நகரின் நடுவிலிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அங்கிருந்த மக்களை வெளியேற்றிக் குடிவைத்த இடம் அது.

இந்த மொழியைப் பேசுபவர்கள் யார் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஆப்ரிகான்ஸ் என்றதும் நிறவெறி ஆட்சியின் வெள்ளைக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் அதைத் தாய்மொழியாகப் பேசுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர். ‘கலர்டு’ என்று முத்திரை குத்தப்பட்ட கலப்பு மக்கள். மொழி உருவானதிலும் அவர்களின் முன்னோருக்குப் பங்குண்டு: மண்ணின் கொய்கொய் மக்கள், டச்சுக் கம்பெனி கப்பலேற்றிக் கொண்டுவந்த அடிமைகள். அடிமைகள் ஜாவாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தார்கள். வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தார்கள். கேப் முஸ்லிம்கள் மதரசாக்களில் இந்த மொழியை அரபு எழுத்தில் எழுதிப் படித்தார்கள்.

1925-இல் அது ஆட்சிமொழியானது. அதிகாரம் ஏறியதும் அடுத்தவர் வாயில் திணிக்கும் ஆசையும் வந்தது. கறுப்பினப் பள்ளிகளில் கணக்கும் சமூக அறிவியலும் ஆப்ரிகான்ஸிலேயே கற்பிக்க வேண்டும் என்றது அரசு. 1976 ஜூன் 16 அன்று கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவேட்டோவில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள்; போலீஸ் சுட்டது. எம்ஸ் ஆணை வந்து நூறு ஆண்டு ஆகியிருந்தது. 2022 கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்கர்களில் 10.6 சதவீதம் பேரின் வீட்டுமொழி ஆப்ரிகான்ஸ். ஜுலு, ஹோசா இரண்டுக்கும் அடுத்த இடம். பக்கத்து நமீபியா 1990-இல் விடுதலை அடைந்ததும் ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி என்று முடிவுசெய்தது. இருந்தும் தலைநகர் விண்டுக்கிலும் அதற்குத் தெற்கேயும், வேறு வேறு தாய்மொழிக்காரர்கள் சந்தித்தால் பெரும்பாலும் ஆப்ரிகான்ஸில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆட்சியாளரின் மொழி என்ற கறை ஒட்டியிருந்தாலும் சந்தைக்கு அது தேவைப்படுகிறது.

கடல் கடந்த இரண்டு குடியேற்றங்களையும் பார்த்துவிடலாம். இரண்டுமே தென்னமெரிக்காவில். பிரேசிலின் பரானா மாநிலத்துக்கு 1890-களில் லிவிவைச் சூழ்ந்த காலீசியாவிலிருந்து உக்ரைனிய விவசாயிகள் வந்தார்கள். அங்கே ப்ருடென்டோபொலிஸ் நகரில் உக்ரைனியத்துக்கு இன்று போர்த்துகீசியத்தோடு ஆட்சிமொழித் தகுதி உண்டு. போயர் போரில் பிரிட்டனிடம் தோற்ற, போயர்கள் எனப்படும் ஆப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையர் குடும்பங்கள் சில நூறு, 1902-ஐ ஒட்டி அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குக் கப்பலேறின. அங்கே இன்று அந்த மொழி வயதானவர்கள் சிலரோடு நிற்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணில் இருக்கிறது என்பது என் எண்ணம். பரானாவில் வயல்கள் அருகருகே இருந்தன. நடுவில் கோயில், கோயிலை ஒட்டிக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி, பாதிரியாரின் பிரசங்கமும் உக்ரைனியத்தில். படகோனியா ஆட்டுப் பண்ணை நிலம். தண்ணீர் குறைவு, ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் பல மைல் தூரம். அந்தத் தண்ணீரைத் தேடித்தான் 1907-இல் அங்குள்ள கொமொதோரோ ரிவதாவியாவில் துளை போட்டார்கள். வந்தது எண்ணெய். எண்ணெய்க்குப் பின்னால் ஸ்பானிய மொழி பேசும் தொழிலாளர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடம் வந்தது, கல்யாணச் சம்பந்தங்களும் வந்தன. போயர் குடும்பங்களில் பல 1930-களில் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பிவிட்டன. தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டிலேயே ஸ்பானியம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.