புது லேப்டாப்பை அழிச்சுட்டு விண்டோஸ் போடணுமா?

கொஞ்ச நாளா ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில வந்துட்டே இருக்கு. "லேப்டாப் புதுசு, விண்டோஸ் உள்ளேயே இருக்கு. அப்புறம் எதுக்கு அதை அழிச்சுட்டு மறுபடியும் போடச் சொல்றாங்க?" நியாயமான கேள்விதான்.

பெட்டியைப் பிரிச்சு ஆன் பண்ணதும் நீங்க பார்க்கிறது மைக்ரோசாஃப்ட் கொடுத்த விண்டோஸ் மட்டும் இல்ல. அதுக்கு மேல லேப்டாப் கம்பெனியும் தன் பங்குக்குச் சிலதை ஏத்தி அனுப்பியிருக்கும். சில நாள் இலவசமா ஓடிட்டு, அப்புறம் காசு கேட்டுக் கெஞ்சுற ஆன்டிவைரஸ் ஒண்ணு. யாரும் கேட்காத கேம் ரெண்டு. கம்பெனியோட சொந்த 'உதவியாளர்' ஒருத்தர். ஆன்டிவைரஸ் அங்க சும்மா வந்து உட்காரல, அந்த இடத்துக்குக் காசு கைமாறியிருக்கு.

எரிச்சல் மட்டும்தான் பிரச்சினைன்னா, அன்இன்ஸ்டால் பண்ணிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனா 2015 பிப்ரவரியில வெளியான சூப்பர்ஃபிஷ் விவகாரம் அதைவிடப் பெருசு. 2014 கடைசியில விற்ற சில லேப்டாப்புகளில் லெனோவோ அந்தப் பெயருள்ள விளம்பர மென்பொருளைச் சேர்த்திருந்தது. நீங்க பார்க்கிற பக்கங்களுக்கு நடுவுல பொருள் விளம்பரம் செருகுறதுதான் அதோட வேலை.

எப்படிச் செருகும்? பேங்க் சைட்டைத் திறக்கும்போது, எதிர்ல இருக்கிறது நிஜமாவே அந்த பேங்க்தானான்னு பிரவுசர் ஒரு சான்றிதழை வச்சு முடிவு பண்ணும். அந்தப் பூட்டுக் குறிக்கு அர்த்தம் அதுதான். சூப்பர்ஃபிஷ் விண்டோஸுக்குள்ள தன்னோட மூலச் சான்றிதழ் ஒண்ணைப் பதிச்சுக்கிட்டு, பூட்டு போட்ட சைட்டுகளுக்கெல்லாம் தானே போலிச் சான்றிதழ் எழுதி நடுவுல உட்கார்ந்துகொண்டது. பிரவுசர் அதையும் நம்பியது. இதைவிட மோசம், பாதிக்கப்பட்ட எல்லா லேப்டாப்புகளிலும் இருந்தது ஒரே ரகசியச் சாவி. ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்திலேயே அதைப் பிரித்தெடுத்தார். அதன் பாஸ்வேர்டு 'கொமோடியா'. அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்த கம்பெனியின் பெயரே அதுதான்! சாவி வெளியே வந்தபிறகு, அந்த லேப்டாப்போட காபி ஷாப் வைஃபையில உட்கார்ந்தா, பக்கத்து மேசைக்காரர் உங்க பேங்க் மாதிரி வேஷம் போட முடியும்.

சூப்பர்ஃபிஷை அன்இன்ஸ்டால் பண்ணாலும் அந்தச் சான்றிதழ் விண்டோஸுக்குள்ளேயே தங்கியது. லெனோவோ பிறகு தனியா ஒரு நீக்கும் கருவி கொடுக்க வேண்டியிருந்தது. 2017ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோட சமரசமும் ஆச்சு. இன்னைக்கு விக்கிற லேப்டாப்பெல்லாம் இப்படித்தான்னு நான் சொல்ல வரல. ஆனா ஐகானை நீக்குறதும், அது உள்ளே செய்த மாற்றத்தை நீக்குறதும் வேற வேற. சுத்தமா மறுபடி போடச் சொல்றதுக்குக் காரணம் இதுதான். அதுக்குச் சரியான நேரம், உங்க போட்டோவும் ப்ராஜெக்டும் உள்ளே போறதுக்கு முன்னாடி.

"செட்டிங்ஸ்ல ரீசெட் இருக்கே, அது போதாதா?" பெரும்பாலும் போதாது. கம்பெனி தன் மென்பொருள்களை ரெகவரி ஃபோல்டருக்குள்ள வச்சிருக்கும், ரீசெட் முடிஞ்சதும் அதெல்லாம் திரும்ப வந்துடும். மைக்ரோசாஃப்ட் சைட்டிலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸை ஏத்தி, அதிலிருந்து பூட் பண்றதுதான் சுத்தமான வழி. பென்டிரைவ்ல இருக்கிறது முழுசா அழிஞ்சிடும், கல்யாண வீடியோ வச்சிருக்கிற டிரைவைத் தொடாதீங்க. டெலிகிராம்ல கிடைக்கிற 'லைட்' விண்டோஸும் வேண்டாம். தெரிஞ்ச கம்பெனியை நம்பாம யாருன்னே தெரியாத ஒருத்தரை நம்பறது என்ன கணக்கு?

லைசென்ஸ் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோட வர்ற லேப்டாப்புகளில் சாவி மதர்போர்டிலேயே பதிஞ்சிருக்கும். ஹோம் வந்திருந்தா ஹோமையே போடுங்க, இன்டர்நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆகிடும். டாஸ் மட்டும் உள்ள லேப்டாப்ல கடைக்காரர் 'போட்டுக் கொடுத்த' விண்டோஸ்னா அந்தச் சாவி இருக்காது, தனியா வாங்கணும். லேப்டாப்போட ஆஃபீஸும் வந்திருந்தா, அழிக்கிறதுக்கு முன்னாடி அதைத் திறந்து உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட இணைச்சிடுங்க.

வாங்கின அன்னைக்கே அழிக்காதீங்கன்னும் சொல்வேன். ரெண்டு நாள் அப்படியே ஓட்டி ஸ்கிரீன், கீபோர்டு, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜிங் எல்லாம் சரியான்னு பாருங்க. பழுது இருந்தா மாத்திக்க அதுதான் நேரம். அழிச்சபிறகு போனா, "நீங்க விண்டோஸ் மாத்தினதாலதான்"னு சர்வீஸ் சென்டர்ல சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

நிறையப் பேர் பாதியில நிக்கிறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, 'எங்கே இன்ஸ்டால் பண்ணணும்'னு கேட்கிற பக்கம் காலியா இருக்கும், டிஸ்க்கே தெரியாது. எஸ்எஸ்டி செத்துடுச்சோன்னு வயிறு கலங்கும். சாகல. இன்டெல் 11வது தலைமுறைக்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகளில் டிஸ்க் விஎம்டின்னு ஒரு கட்டுப்பாட்டுக்குப் பின்னாடி இருக்கும், அதுக்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலர்ல இல்லாம போகலாம். கம்பெனி சைட்டிலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை முன்கூட்டியே இறக்கி, ஜிப்பைப் பிரிச்சு அதே பென்டிரைவ்ல போட்டு வச்சீங்கன்னா, 'லோட் டிரைவர்' கொடுத்ததும் டிஸ்க் தெரிஞ்சிடும்.

ரெண்டாவது, விண்டோஸ் 11 இன்டர்நெட் கேட்கும், வைஃபை டிரைவர் இருக்காது. மொபைலை கேபிள்ல செருகி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, ஆண்ட்ராய்டு போன்ல பெரும்பாலும் வேலை நடந்துடும்.

டிஸ்க் தெரிஞ்சதும் பழைய பார்ட்டிஷன் எல்லாத்தையும் நீக்கிடலாம், பென்டிரைவைத் தவிர. கம்பெனியோட ரெகவரியும் அதோட போகும். மனசு கேட்கலைன்னா முதல்ல அதுக்கு ஒரு ரெகவரி டிரைவ் செஞ்சு வச்சுக்குங்க. கேமிங் லேப்டாப்னா ஃபேன் கட்டுப்பாடும் கீபோர்டு லைட்டும் போகும், ஸ்பீக்கர் சத்தம்கூட சப்புன்னு ஆகலாம். அதுக்கானதை மட்டும் கம்பெனி சைட்டிலிருந்து எடுத்துக்கலாம்.

இவ்வளவு செஞ்சும் எல்லாம் போயிடுமா? அதே 2015 ஆகஸ்ட்ல இன்னொரு விஷயம் தெரியவந்தது. லெனோவோவின் சில மாடல்களில், விண்டோஸைப் புதுசா போட்டாலும் கம்பெனி மென்பொருள் மறுபடி வந்து உட்கார்ந்தது. அது இருந்தது டிஸ்க்ல இல்ல, பயாஸ்ல. பயாஸ் தரும் நிரலை விண்டோஸ் எடுத்து இயக்க மைக்ரோசாஃப்டே ஒரு வழி வச்சிருக்கு. பயாஸ் அப்டேட் கொடுத்துதான் லெனோவோ அதை நீக்கியது. இன்னைக்கும் சில போர்டுகளில், சுத்தமா போட்ட உடனே "எங்க மென்பொருளை இன்ஸ்டால் பண்ணவா"ன்னு ஒரு ஜன்னல் எட்டிப் பார்க்கும். பயாஸ் செட்டிங்ல அதை அணைக்கிற ஆப்ஷன் இருக்கான்னு தேடுங்க.

கடைசியா ஒரு வேலை. விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட உள்ளே போனீங்கன்னா, பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாவே என்கிரிப்ட் ஆகிடும், பெருசா அறிவிப்பெல்லாம் இருக்காது. அதோட ரெகவரி சாவி 48 இலக்கம், உங்க அக்கவுண்ட்ல சேமிச்சிருக்கும். லாகின் பண்ணி அது இருக்கான்னு பார்த்து, ஒரு தாள்ல எழுதி வீட்ல வச்சிடுங்க. லினக்ஸையும் சேர்த்துப் போடறது பத்தி நிறையப் பேர் கேட்டிருக்கீங்க, அது அடுத்த எபிசோடுல.