லினக்ஸ் கணினி: தோற்றமும் ஒடுக்கமும்

விளக்கை அணைப்பதுபோல் கணினியையும் சுவர்ச் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை உணர, கணினி எழும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

மின்விசையைத் தட்டியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பொதிந்துள்ள சிறு நிரல். அது உறுப்புகளைச் சோதித்து, பெரும்பாலும் ‘கிரப்’ எனப்படும் ஏற்றியை அழைக்கும். ஏற்றி, லினக்ஸின் உயிர்நிலையான கர்னலை நினைவகத்தில் ஏற்றும். கர்னல் கருவிகளைத் தன்வயப்படுத்தி, கோப்புகள் உறையும் வட்டை இணைத்து, முதல் எண்ணுடைய செயலைத் தொடங்கும். இன்று பெரும்பாலான அமைப்புகளில் அச்செயல், 2010இல் தோன்றிய ‘சிஸ்டம்டி’. ஏனைப் பணிகளை எழுப்பிப் பயனருக்கு வாயில் திறப்பது அதுவே.

இனி, இடர் யாண்டுளது? ஆசிரியர் ஒருவர் மதிப்பெண் பட்டியலைப் பென்டிரைவில் படியெடுக்கிறார். படியெடுத்தல் முடிந்தது எனத் திரை காட்டுகிறது. எனினும் அஃது அப்பொழுதே அதனுட் சென்று சேர்ந்தது என்பதற்கில்லை. நினைவகம் விரைவானது, வட்டும் பென்டிரைவும் அதனை நோக்க மெதுவானவை. ஆதலின், எழுத வேண்டியவற்றைக் கர்னல் நினைவகத்தில் தேக்கிவைத்துப் பின்னர் எழுதும். இத்தேக்கம் 30 நொடியளவும் நீளலாம். நினைவகமோ, மின்சாரம் அற்றதும் யாவும் மறக்கும் இயல்பினது. ‘எக்ஸ்ட்4’ போன்ற கோப்பு அமைப்புகள் மாற்றங்களை முன்னரே குறிப்பேட்டில் பதிந்து, மறுமுறை எழும்போது தம் கட்டமைப்பைச் செப்பனிட்டுக்கொள்ளும். ஆனால், எழுதப்படாத மதிப்பெண்ணை எக்குறிப்பேடும் மீட்டுத் தராது.

முறையாக நிறுத்துங்கால் நிகழ்வதே வேறு. திரையிலுள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும், ‘பவர்ஆஃப்’ எனக் கட்டளையிட்டாலும், பணிகள் எழுந்த வரிசைக்கு எதிர்வரிசையில் ஒடுங்கும். ‘முடித்துக்கொள்’ என்னும் குறிப்பு முதலில் செல்லும்; குறித்த காலத்துள் அடங்காதவை வலிந்து நிறுத்தப்படும். சிஸ்டம்டி தன்னியல்பில் அளிக்கும் தவணை 90 நொடி. சில வெளியீடுகள் அதனைக் குறைத்துள்ளன. பின்னர்த் தேங்கியவை எழுதப்பட்டு, வட்டுகள் விடுவிக்கப்பட்டு, இறுதியிலேயே மின்சாரம் நிற்கும்.

மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தல் இவ்வொழுங்கு முழுவதையும் குலைப்பதாகும். கணினி முற்றிலும் செயலற்று நின்றாலன்றி அவ்வழியை நாடலாகாது. பென்டிரைவையும் ‘வெளியேற்று’ என ஆணையிட்ட பின்னரே கழற்ற வேண்டும். வகுப்பு முடிவில், திரை இருண்டு விசிறி ஓய்ந்த பின்னரே சுவர்ச் சுவிட்சைத் தொட மாணவரைப் பழக்குதல் ஆசிரியர்தம் கடனாம்.