மாசின் லாபம் ஒருவருக்கு, செலவு கடைமடைக்கு

ஒரு தொழிற்சாலையின் கணக்கில் கூலி, மின்சாரம், மூலப்பொருள் எல்லாம் இருக்கும். ஆற்றில் விடும் கழிவுக்கு மட்டும் கணக்கு இருக்காது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதை வேறு யாரோ கட்டுகிறார்கள். காவிரியின் கடைசியில் இருக்கும் தஞ்சை, திருவாரூர், நாகை மக்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

காவிரியின் துணையாறான நொய்யலின் கதையைப் பாருங்கள். பாசனத்திற்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் வந்து தேங்கியது. துணியில் சாயம் பிடிக்க உப்பு அதிகம் தேவை. அந்த உப்பு மக்கிப் போவதில்லை. மண்ணில் சேர்ந்தால் மண் இறுகும், பயிர் கருகும். பாசனத்திற்குக் கட்டிய அணையே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு விவசாயிகள் வந்தனர், நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனை அரசு அறிவித்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய செலவு அது. தாமதித்ததால் விவசாயி, தொழிலாளி, அரசு மூவருமே விலை கொடுத்தனர்.

கண்ணுக்குத் தெரியாத மாசும் உண்டு. காவிரி நீரில் வலி நிவாரணிகள், ஆன்டிபயாடிக் மருந்துகளின் எச்சமும் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களும் இருப்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்து 2021-ல் வெளியிட்டனர். ஆன்டிபயாடிக் கலந்த நீரில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகக்கூடும். நாளை நம் பிள்ளைகளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

மாசு டெல்டாவிற்குள்ளேயும் உண்டாகிறது. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து, வயலில் கச்சா எண்ணெய் பரவியது. மக்கள் போராடினர். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறுகள், தோல் தொழிற்சாலைகள் முதலியவற்றை இங்கே அமைக்க அது தடை விதிக்கிறது. ஆனால் முன்பே இயங்கி வந்தவை தொடர்கின்றன. மேலே ஈரோட்டிலும் கரூரிலும் ஆற்றில் கலப்பதை இந்தச் சட்டம் தடுக்காது.

உலக அளவிலும் இதே கதைதான். 2015-ல் மாசினால் சுமார் 90 லட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்பே இறந்ததாகவும், இழப்பு ஆண்டுக்கு 4.6 லட்சம் கோடி டாலர் என்றும் லான்செட் ஆணையம் 2017-ல் கணக்கிட்டது.

மேலே இருப்பவர்களிடம் கணக்குக் கேட்கும் நாம், நம் வாய்க்காலையும் பார்க்க வேண்டும். நமக்கும் கீழே ஒரு கடைமடை இருக்கிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கம் நம்முடையது. குர்பானிக் கழிவை வாய்க்காலில் போடாமல் குழிதோண்டிப் புதைக்க ஜமாஅத்துகள் ஏற்பாடு செய்யலாம். காலாவதியான மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டாதிருக்கலாம். கிராம சபையில் வாய்க்கால் கழிவு பற்றிக் கேள்வி எழுப்பலாம். இவற்றுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். செய்யாமல் விட்டால் ஆகும் செலவை நொய்யல் காட்டிவிட்டது.