குன்றேறும் உரிமை

உயர்ந்த இடத்தினின்று நிலத்தைக் காணும் அவா மாந்தர்க்கு இயல்பாய் அமைந்தது. அரசர் காவல் கருதி மலை ஏறினர். துறவியர் தனிமை நாடி ஏறினர். கூத்தரும் பாணரும் பரிசில் வேண்டி ஏறினர். வேறொரு பயனுங் கருதாது, காண்டற்கென்றே குன்றேறும் வழக்கம் பொதுமக்களிடையே பரவியது பிற்காலத்தேயாம். அவ்வழக்கம் ஆழ வேரூன்றிய நாடுகளுள் ஜேர்மனியும் ஒன்று. அந்நாட்டின் தென்மேற்கே, பிரெஞ்சு எல்லையை அடுத்துக் கிடக்கும் பல்ஸ் என்னும் பகுதியிலே சென்ற இலையுதிர் காலத்திற் சில வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1989ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை நீங்கி அங்கே குடியமர்ந்த என் பள்ளித்தோழர் ஒருவர் வழிகாட்ட, யான் ஏறிக் கண்ட குன்றுகள் சிலவற்றைப் பற்றி ஈண்டு எழுதலானேன்.

காடும் முந்திரிகையும்

பல்ஸ் நாட்டு நிலவமைப்பு நம் திணை நூலை அறிந்தார்க்குப் பெரிதும் இன்பம் பயப்பதாகும். மேற்கே ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிலே காடு செறிந்த மலைத்தொகுதி. அம்மலைகள் செந்நிற மணற்கல்லால் ஆயவை. மணற்கல் தேய்ந்த மண் உழவுக்கு உதவாது. ஆகவே அங்கே காடு அழியாது நின்றது. கிழக்கே றைன் நதியின் சமவெளி. மலையும் வெளியும் மெல்ல மெல்லக் கலத்தல் இல்லை. சுவர் போல எழுந்த மலை விளிம்பின் அடியிலே சமவெளி தொடங்கிவிடுகின்றது. அவ்விளிம்பின் சரிவுகளிலும் அடிவாரத்திலுமே முந்திரிகைத் தோட்டங்கள், அஃதாவது திராட்சைத் தோட்டங்கள், வரிசை வரிசையாய் அமைந்துள்ளன.

இதற்குக் காரணமும் உண்டு. மேற்கினின்று வரும் மழைக்காற்றை மலை தடுத்துவிடுவதால் கிழக்குச் சரிவு வெயிலும் வெம்மையும் மிக்கது. குளிர்நாடாகிய அங்கே வாதுமை பூக்கின்றது, அத்தி பழுக்கின்றது. காடு காவல் செய்ய, முந்திரிகை கனிகின்றது. குறிஞ்சியின் குன்றும், முல்லையின் காடும், மருதத்தின் உழைப்பும் ஒரு நாள் நடையுள் அடங்கிய திணைமயக்கம் எனலாம்.

முந்திரிகைப் பயிரை அங்கே பரப்பியவர் உரோமர். உரோமர் காலத்து மதுக்குப்பி ஒன்று, நான்காம் நூற்றாண்டினது, 1867இல் ஸ்பையர் நகர்ப்புறத்தே கல்லறையொன்றிற் கிடைத்தது. அது திறவாத நிலையிலே அந்நகர் நூதனசாலையில் இன்றும் உளது. அடிவாரக் கிராமங்களை இணைத்து, ஸ்வைகன் முதற் பொக்கன்ஹைம் வரை, ஏறத்தாழ 85 கிலோமீற்றர் நீளத்துக்கு ‘மதுவீதி’ என ஒரு வீதி செல்கின்றது. 1935இல், நாசி ஆட்சிக் காலத்தில், மது விற்பனையைப் பெருக்குதற்பொருட்டு அப்பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது.

அவ்வீதியினின்று மேற்கே எந்த ஒழுங்கையிற் சென்றாலும் முந்திரிகைத் தோட்டங் கடந்து காட்டினுட் புகலாம். காட்டின் விளிம்புதோறும் பாழடைந்த கோட்டைகள் நிற்கின்றன. ஏடன்கோபனுக்கு மேலுள்ள றீட்பேர்க் கோட்டைக்கு 1954 முதல் தொங்கு நாற்காலியில் ஏறிச் செல்லவும் வசதியுண்டு. முழங்கால் நோவுடையார்க்கு அது நல்லது. அன்வைலர் என்னும் ஊருக்கு மேலுள்ள திரிபெல்ஸ் கோட்டைக்கோ நடந்தே ஏறவேண்டும். சிலுவைப்போரினின்று மீண்ட இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சாட்டை 1193இற் சிறைவைத்த இடம் அது. பேரரசின் முடியும் செங்கோலும் ஒருகாலத்தில் அங்கே காக்கப்பெற்றன. இன்று அங்குள்ளவை படிகள், மூலப்பொருள்கள் வியன்னாவில் உள. மன்னன் ஒருவன் சிறையிருந்த குன்றிலே, இன்று பள்ளிச் சிறுவர் பாண் தின்றுகொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து மகிழ்கின்றனர்.

வழியுரைக்குங் கோடுகள்

இக்காட்டில் நடப்பவர்க்கு வழிதப்புதல் அரிது. கிளைவழி பிரியும் இடந்தோறும், மரப்பட்டையிலும் பாறையிலும், கையகல நிறக்குறிகள் தீட்டப்பட்டுள்ளன. இன்ன நிறத்தைத் தொடர்ந்தால் இன்ன குன்றை அடையலாம் என்பது ஒழுங்கு. 1902இல் நிறுவப்பெற்ற காட்டுநடைச் சங்கத்தின் உறுப்பினர் ஊதியமின்றிச் செய்யும் பணி இது. மழையில் அழிந்த குறியை மறுபடி தீட்டுகின்றனர். விழுந்த மரத்தின் குறியை அயல் மரத்துக்கு மாற்றுகின்றனர்.

அக்குறிகளைக் கண்டபோது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் என் நினைவுக்கு வந்தது. பெருங்கௌசிகனார் 583 அடியில் யாத்த அப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனைக் கண்டு மீளும் கூத்தன், இனிச் செல்லவிருக்கும் கூத்தனுக்கு மலைவழியைக் கூறுகின்றான்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் இடம் யாது, பாம்புறை குழி எது, எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம். முன் சென்றவன் பின் வருபவனுக்குக் கடமைப்பட்டவன் என்பதே ஆற்றுப்படையின் உயிர்நிலை. மரத்திலே கோடு தீட்டுபவனும் முகமறியா ஒருவனை ஆற்றுப்படுத்துகின்றான்.

உணவுச் செய்தியிலும் ஒற்றுமை உண்டு. காட்டினுள் அச்சங்கக் கிளைகள் நடத்தும் குடில்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. நீண்ட மேசையிலே, முன்பின் அறியாதவர் தோளோடு தோள் நெருங்கியிருந்து உண்பர். மதுவுடன் ஊற்றுநீர் கலந்து அரை இலீற்றர்க் கிண்ணத்தில் வழங்குவர். கை நழுவாதிருக்க அக்கிண்ணத்தைச் சுற்றிலும் வட்டக் குழிகள் இட்டிருப்பர். யான் மது அருந்துவதில்லை ஆதலின், முந்திரிகைச் சாறு அதே கிண்ணத்தில் எனக்கு வந்தது. இக்குடில் வழக்கம் 2021இல் ஜேர்மனியின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது.

கண்ணும் காலும்

அக்காட்டு மலைகளுள் உயர்ந்தது கல்மிற், 673 மீற்றர். நம் பிதுருதலாகல மலையின் காற்பங்குக்குச் சற்றே மேல். எனினும் சமவெளியின் ஓரத்தே நிற்பதால் அதன் காட்சி பெரிது. காலடியில் மஞ்சளுஞ் சிவப்புமாய் நிறம் மாறிய முந்திரிகை வரிசைகள். அவற்றிடையே கோபுரத்தைச் சூழ்ந்த ஓட்டுவீட்டுக் கிராமங்கள். அப்பால் ஸ்பையர்ப் பேராலயம். றைன் நதிக்கு அக்கரையிலே நீலநிறத் தொடர்மலைகள்.

அங்கு நின்றபோதுதான் என் தோழர் தம் பழைய கதையைச் சொன்னார். அடைக்கலம் வேண்டி வந்தோர் தமக்குக் குறித்த மாவட்ட எல்லையை அனுமதியின்றிக் கடத்தலாகாது என 1982இல் அந்நாட்டார் சட்டஞ் செய்தனர். 2015இலேதான் அது பெரிதுந் தளர்த்தப்பட்டது. தோழரை இருத்திய கிராமம் கல்மிற் அடிவாரத்தது. குன்று எல்லைக்குள் இருந்தது. யாவரும் காட்டினுள் இளைப்பாறுதற்குச் செல்லலாம் என்று 1975ஆம் ஆண்டு வனச்சட்டம் கூறுகின்றது. எனவே குன்றின்மேல் ஏற அவருக்குத் தடையில்லை. மேலிருந்து கண்ட ஊர்களுக்குப் போகவே தடை. ஐந்தாண்டுக் காலம் அந்நிலை.

“ஒவ்வொரு ஞாயிறும் இங்கைதான் வந்து நிப்பன். காலுக்குத்தான் பாஸ் வேணும். கண்ணுக்கு ஆரடா பாஸ் கேக்கிறது?” என்றார், சிரித்துக்கொண்டே. ‘பாஸ்’ என்னுஞ் சொல்லின் பாரத்தை வடபுலத்து வாசகர்க்கு யான் விளக்க வேண்டுவதில்லை.

ஹம்பாக் குன்று

கல்மிற்றிலிருந்து வடகிழக்கே, காட்டு விளிம்பு வழியாக நடந்து சென்று அடையத்தக்கது ஹம்பாக் கோட்டை. ஜேர்மானிய மக்களாட்சியின் தொட்டில் என அதனைப் போற்றுவர். 1832ஆம் ஆண்டு, பல்ஸ் நாடு பவேரிய அரசின்கீழ் இருந்தது, பத்திரிகைகள் ஒடுக்கப்பட்டன. சீபென்பைபர், விர்த் என்னும் எழுத்தாளர் இருவர் முன்னின்றழைக்க, மே 27இல் இருபதினாயிரம் முதல் முப்பதினாயிரம் வரையிலான மக்கள் இடிந்து கிடந்த அக்கோட்டைக்கு ஏறிச் சென்றனர். மகளிரும் அழைக்கப்பெற்றனர், நாடிழந்த போலந்து மக்களும் வந்தனர். சுங்க வரியால் நலிந்த முந்திரிகைத் தோட்டக்காரர் தம் துயரை எழுதிய கருங்கொடி தாங்கி வந்தனர். எழுத்துரிமை, கூடும் உரிமை, நாட்டொருமை என்பன அங்கே முழங்கின. அன்று பறந்த கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்களே இன்று அந்நாட்டுக் கொடியின் நிறங்கள். பின்னர் அரசுகள் அடக்குமுறையை இறுக்கின. எழுத்தாளர் இருவருஞ் சிறைப்பட்டனர். ஆயினும் அந்த ஏற்றம் மறக்கப்படவில்லை.

இக்கோட்டை நொய்ஸ்ராட் நகரத்துக்கு உரியது. அந்நகரம் மாவட்டத்தில் அடங்காத் தனியாட்சி உடையது. ஆகவே, உரிமையின் சின்னமாகிய அக்குன்று என் தோழரின் எல்லைக்கு அப்பாற்பட்டிருந்தது. வதிவிட அனுமதி கிடைத்த மறுநாள், பேருந்திற் செல்லாது, கல்மிற் வழியாக நடந்தே அங்கே போனாராம். இன்று அவர் காட்டுநடைச் சங்கத்தில் உறுப்பினர். ஆண்டுதோறும் வசந்த காலத்திற் சிறிய நிறப்பேணியுந் தூரிகையுங் கொண்டு, தமக்கு ஒதுக்கிய வழியிலே குறிகளைப் புதுக்குகின்றார். ஒருகால் எல்லை கடக்க விடப்படாதவர், இன்று பிறர்க்கு வழி காட்டுகின்றார். நிலம் ஒருவனுக்கு உரியதாவது உறுதிச் சீட்டால் மட்டுமன்று; நடந்து பழகுவதாலும், பழகிய வழியைப் பிறர்க்கு உரைப்பதாலுமாம்.

ஆசிரியத் தோழர்க்கு ஒன்று சொல்வேன். மலைபடுகடாத்தைச் சோதனைக்கு உரிய பாடமாக மட்டும் கற்பித்து அமைகின்றோம். அதனைக் கற்கும் மாணவருள் ஒரு குன்றேனும் ஏறியவர் எத்தனை பேர்? நாட்டின் எப்பகுதியிலாயினும், அண்மையிலுள்ள உயர்ந்த இடம் ஒன்றிற்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். எங்கே வழுக்கும், எங்கே நீர் கிடைக்கும், உச்சியிலிருந்து என்ன தெரியும் என்பவற்றை அவர்களே அடுத்த வகுப்பாருக்கு எழுதி வைக்கட்டும். ஆற்றுப்படை என்பது யாது என அதன்பின் விளக்க வேண்டுவதில்லை.